டைனோசர் பார்க்கப் போகும் முன் ஒரு கோழிக்கால்

"ஏனுங்க மிஸ், எங்க தோட்டத்துக் கிணத்த இன்னும் ஆழமா வெட்டுனா டைனோசர் எலும்பு கிடைக்குங்களா?"

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது. காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். "கிடைக்காது சாமி" என்று சொல்லிவிட்டு அன்றைய பாடத்துக்குப் போய்விட்டேன். ஏன் கிடைக்காது என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று தொடங்கியதுதான் கோழி எலும்பு, கயிறு, அரியலூர்ப் பயணம் எல்லாம். ஆறு வருடமாகச் செய்கிறேன். உங்கள் பள்ளியிலோ தெருப் பிள்ளைகளை வைத்தோ செய்ய நினைத்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. டைனோசர்ப் பெயர்கள் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். எங்கள் வகுப்பில் தமிழ் வாசிக்கத் தடுமாறும் ஒரு பையன் பதினைந்து டைனோசர் பெயரை மூச்சு விடாமல் சொல்வான். ஆகவே பெயர் சொல்லிக்கொடுப்பதில் நேரம் போக்க வேண்டாம். 'பார்த்த ஆளே இல்லை, அப்புறம் எப்படித் தெரியும்?' என்பதைப் பிள்ளைகள் தாங்களே கேட்க வேண்டும். அந்தக் கேள்வி மனதில் விழுந்த பிள்ளையைத்தான் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். மற்றபடி போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

என் முதல் பயணம் அப்படித்தான் போனது. நாற்பத்திரண்டு பிள்ளைகள். ஆளுக்கு இருபது கேள்வி கொண்ட தாள் கொடுத்திருந்தேன். உள்ளே நுழைந்ததும் எல்லாரும் கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே இருந்த எழுத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்தார்கள். பெட்டிக்குள் இருந்ததை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது, பிள்ளைகள் வாசலில் ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தார்கள். தப்பு என்னுடையது. தாளை நிரப்பச் சொன்னேன், அவர்கள் நிரப்பினார்கள். அதிலிருந்து கேள்வித்தாளை விட்டேன்.

கோழியிலிருந்து தொடங்குங்கள்

பறவைகள் டைனோசர் வழியில் வந்தவை. சரியாகச் சொன்னால், டைனோசர்க் கூட்டத்தில் இன்னும் மிஞ்சியிருக்கும் ஒரு கிளைதான் பறவை. ஆகவே நம் வீட்டுக் கட்டுத்தரையில் கிளறிக்கொண்டு திரியும் நாட்டுக்கோழிதான் முதல் அருங்காட்சியகம்.

ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்த வீட்டுப் பிள்ளைகளிடம், சாப்பிட்ட பின் எலும்பை எறியாமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். மிச்சச் சதை போக நன்றாகக் கொதிக்கவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, துணி சோப்புத் தூள் கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் வாடை இல்லாமல் வெள்ளையாகிவிடும். நெஞ்சுக்கு மேலே இருக்கும் கவட்டை எலும்பு, தோளை ஒட்டிய இறக்கை எலும்பு, முழுக் கால், இந்த மூன்றும் போதும். காலை மட்டும் வேகவைக்காமல் அப்படியே கழுவிக் கொண்டுவரச் சொல்லுங்கள், அன்றே பார்த்துவிட்டு அப்புறப்படுத்திவிட வேண்டும். தொட்டவர்கள் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். புரட்டாசியில் இதைச் செய்யாதீர்கள். கறி சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளையும் கட்டாயப்படுத்த வேண்டாம், அவர்கள் ஈர மண்ணில் கோழித் தடம் தேடி வரட்டும். பல நேரம் அவர்கள் கொண்டுவருவதுதான் நன்றாக இருக்கும்.

இப்போது கால். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று, மேலே செதில். ஒரு பிள்ளையைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். "ஓணான் மாதிரி இருக்குதுங்க மிஸ்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருந்ததே இல்லை. டி. ரெக்ஸ் முதலான இரண்டு கால் ஊனுண்ணி டைனோசர்கள் விட்டுப்போன தடமும் இதே மாதிரி மூன்று விரல் தடம்தான். அடுத்து கவட்டை எலும்பு. டி. ரெக்ஸுக்கும் இது உண்டு. இறக்கை எலும்பை உடைத்தால் உள்ளே வெற்றுக்குழாய், காற்று போய்வரும் எலும்பு அது. பல டைனோசர்களின் முதுகெலும்பிலும் இப்படிக் காற்றறைகள் இருந்திருக்கின்றன, நீளக் கழுத்து டைனோசர்கள் அவ்வளவு பெரிய கழுத்தைத் தூக்கி நிறுத்த அது உதவியது. பக்கத்தில் ஒரு ஆட்டு எலும்பையும் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நான் மூன்று பீரியட் இதற்கே விடுகிறேன். எலும்பைக் கையில் எடுத்து உற்றுப் பார்க்கப் பழகிய பிள்ளை, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதையும் அப்படியே பார்க்கும்.

சினிமாவில் வரும் வெலாசிராப்டர் என்ற டைனோசர் மனுஷன் உயரத்துக்கு இருக்கும், நிஜத்தில் அது வான்கோழி அளவு. அதன் முன்கை எலும்பில் இறகு பொருந்திய புடைப்புகள் இருப்பதை 2007-ல் கண்டார்கள். கோழியைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகள் இதைச் சட்டென்று நம்புகிறார்கள்.

கயிறு

காலம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வது கஷ்டம். "ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டு" என்று சொன்னால் தலையாட்டுவார்கள், உள்ளே எதுவும் போயிருக்காது. நான் கயிறு கட்டுகிறேன்.

46 மீட்டர் கயிறு வேண்டும். தோட்டத்துத் தாம்புக்கயிறு இரண்டு மூன்றை முடிந்துகொள்ளலாம். ஒரு மீட்டருக்குப் பத்துக் கோடி ஆண்டு என்று கணக்கு. பூமியின் வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டு, அதுதான் 46 மீட்டர். ஒரு நுனியைப் பள்ளிக் கேட்டில் கட்டுங்கள், அது பூமி பிறந்த நாள். மறு நுனி இன்றைக்கு, அதை ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ளட்டும். அடையாளம் கட்ட எங்கள் பக்கம் பனியன் வேஸ்ட் துணி சும்மாவே கிடைக்கும், கலர் கலராக.

இன்றைய நுனியிலிருந்து அளந்துகொண்டே போகவேண்டும். 66 சென்டிமீட்டரில் சிவப்புத் துணி, டைனோசர்கள் அழிந்த இடம். 2 மீட்டர் 30 சென்டிமீட்டரில் பச்சை, அவை தோன்றிய இடம். மனித இனம் தோன்றி ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டு, அது 3 மில்லிமீட்டர், கட்டுவதற்குத் துணியே இல்லை, நகத்தால்தான் காட்ட வேண்டும். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் தோண்டிய கொடுமணல் பிள்ளைகளுக்குத் தெரியும். தரைக்கடியில் தோண்டுவது எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக் கொடுமணலையும் டைனோசரையும் ஒட்டுக்காகச் சேர்த்துவிடுவார்கள். கொடுமணல் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஊர், கயிற்றில் அது ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. மனுஷர் வாழ்ந்த தடத்தைத் தேடுவது தொல்லியல், அதற்கு வெகு முன்னால் வாழ்ந்த உயிர்களைத் தேடுவது தொல்லுயிரியல். கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னால் மறக்க மாட்டார்கள்.

ஸ்டெகோசாரஸ் என்ற டைனோசரை 1 மீட்டர் 50-ல் கட்டுங்கள். டி. ரெக்ஸ் சிவப்புத் துணிக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். அதாவது ஸ்டெகோசாரஸுக்கும் டி. ரெக்ஸுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைவிட, டி. ரெக்ஸுக்கும் நமக்கும் இருக்கும் தூரம் குறைவு. இரண்டும் சண்டை போடுகிற மாதிரி அட்டைப்படம் போட்ட நோட்டு வைத்திருந்த பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

இப்போது கேட்டுப் பக்கம் நடங்கள். இன்றைய நுனியிலிருந்து 25 மீட்டர் தள்ளிப்போய் ஒரு துணி கட்டுங்கள். நம் கொங்கு நாட்டுக் கருங்கற்பாறைகளில் பல அந்த வயதுடையவை, ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அவை பூமிக்குள் ஆழத்தில் வெந்து, நெருங்கி, உருமாறிய பாறைகள். அப்போது எலும்பு உள்ள உயிரே உலகத்தில் கிடையாது. கிணறு வெட்டினால் செம்மண், அதன் கீழ் சுக்கான்கல், அப்புறம் பாறை. பாறைக்குக் கீழேயும் பாறை. எலும்பு தங்க வேண்டும் என்றால் ஆறோ கடலோ வண்டல் போட்டு மூடியிருக்க வேண்டும்.

அதற்கும் ஒரு உதாரணம் பிள்ளைகள் கண்ணெதிரே உண்டு. கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், செத்த மாட்டை நாய் இழுக்கும், காக்கை கொத்தும், எலும்பு வெளுத்து நாலா பக்கமும் சிதறும், சில வருடத்தில் ஒன்றும் இருக்காது. அதே மாடு குளத்துச் சேற்றில் புதைந்து, மேலே மேலே வண்டல் சேர்ந்தால் எலும்பு நிற்கும். வாழ்ந்த டைனோசர்களில் மிகச் சிலவற்றின் எலும்பே நமக்குக் கிடைத்ததற்கு இதுதான் காரணம். ஒரு பிள்ளை, "அப்ப நமக்குத் தெரியாத டைனோசர் நிறைய இருக்குமுங்க" என்றாள். ஆமாம் அம்மிணி, அப்படித்தான்.

அச்சு எடுப்பது

அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி "இது நிஜ எலும்பா?" என்பது. நல்ல கேள்வி. உலகம் முழுக்க நிற்கும் டைனோசர் எலும்புக்கூடுகளில் பல, அச்சில் வார்த்தவை. சிகாகோவில் இருக்கும் 'சூ' என்ற டி. ரெக்ஸ் நிஜ எலும்புதான், 1990-ல் கிடைத்தது. ஆனால் மண்டை ஓடு கனம் அதிகம் என்பதால் கூட்டின் மேல் வார்ப்பு மண்டையை வைத்து, நிஜ மண்டையைத் தனியாக வைத்திருக்கிறார்கள். வார்ப்பு என்றால் ஏமாற்று இல்லை என்று பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும். அதற்கு அவர்களே ஒன்று வார்க்க வேண்டும்.

குளத்து வண்டல் களிமண்ணைப் பிசைந்து சப்பாத்தி போல் தட்டி, கோழிக்காலை அழுத்தி எடுங்கள். தடத்தைச் சுற்றித் தடித்த அட்டையை வளையமாகச் செருகுங்கள். ஹார்டுவேர் கடையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கிடைக்கும். ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு மாவு. தண்ணீரில்தான் மாவைத் தூவ வேண்டும், மாவில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். தோசை மாவுப் பதம் வந்ததும் ஊற்றி, அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். இறுகும்போது சூடாகும், ஆகவே யாரும் கையை உள்ளே வைத்துப் பார்க்கக் கூடாது. மிச்சத்தைத் தண்ணீர்க் குழாயில் ஊற்றிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். மண்ணைப் பிரித்ததும் மூன்று விரல் புடைத்துக்கொண்டு வரும் பாருங்கள், அப்போது பிள்ளைகள் போடும் சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்ப்பார்.

அச்சு முடிந்த கையோடு, விளையாட்டு விழாவுக்குக் கோடு போடும் சுண்ணாம்புப் பொடியால் கிரவுண்டில் 12 மீட்டருக்கு ஒரு டி. ரெக்ஸை வரைந்துவிடுங்கள். அதன் நீளம் ஏறத்தாழ அவ்வளவு. வகுப்பு முழுக்க உள்ளே படுத்துக்கொள்ளலாம்.

பக்கத்தில் ஒரு நாள்

முதல் பயணம் தூரமாகவும் வேண்டாம், டைனோசருக்காகவும் வேண்டாம். எங்களுக்குக் கோவை. ஆர்.எஸ்.புரம் பக்கம் வனக்கல்லூரி வளாகத்தில் உள்ள காஸ் வன அருங்காட்சியகம் 1902-லிருந்து இருக்கிறது. அங்கே டைனோசர் கிடையாது, அதுதான் வசதி, பிள்ளைகள் டைனோசரைத் தேடி ஓட மாட்டார்கள். மரத்தின் குறுக்கு வெட்டுத் துண்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து வளையத்தை எண்ணச் சொல்லலாம். கயிற்றில் பார்த்த காலம் மரத்திலும் எழுதியிருக்கிறது என்று அங்கே புரிந்துகொள்வார்கள்.

போகும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் போன் செய்யுங்கள், முந்தின நாளும் செய்யுங்கள். அரசு அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒரு முறை நாங்கள் வண்டி பிடித்துப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இத்தனை பேர், இந்த வகுப்பு, தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும் என்று கடிதமாகவே கொடுத்துவிடுங்கள்.

உள்ளே என்ன செய்வது? ஐந்து பேருக்கு ஒரு குழு. குழுவுக்கு ஒரே ஒரு கேள்வி, அதையும் அவர்களே வகுப்பில் எழுதிக் கொண்டுவர வேண்டும். முதலில் எல்லாரும் ஒரு சுற்று சும்மா நடந்து பார்க்கட்டும், தடுக்காதீர்கள். அப்புறம் ஏதாவது ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் வரைய வேண்டும். பெயர்ப்பலகையைக் கடைசியில்தான் படிக்க வேண்டும். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. வரைந்தால்தான் கண் நிற்கும். "மூட்டு எங்க வருது? பல்லு எத்தனை? இது எதைத் தின்னிருக்கும்?" இப்படிக் காதருகே கேட்டுக்கொண்டே போனால் போதும், பதில் சொல்லிவிடாதீர்கள்.

அரியலூர்ப் பக்கம்

பெரிய பயணம் இது. காங்கேயத்திலிருந்து கரூர், திருச்சி வழியாக இருநூறு கிலோமீட்டருக்கு மேல். விடிவதற்கு முன் கிளம்பினால்தான் ஒரே நாளில் முடியும். தை, மாசிதான் நல்ல மாதம், சித்திரையில் அந்தப் பக்கம் வெயில் தாங்காது. கல்வி அலுவலக அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், புளிச்சோறு, வண்டி ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழம், இவையெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதலில் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர். பாடாலூர் பக்கம் திரும்ப வேண்டும். 18 மீட்டருக்கு மேல் நீளமான ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு, நம் கயிற்றில் 1 மீட்டர் 20. 1940-ல் இதை வெளியுலகுக்குச் சொன்னவர் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன், பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் இயக்குநரான முதல் இந்தியர். டைனோசர் நடமாடிய காலத்து மரம் இது. கம்பிவேலிக்கு வெளியே பிள்ளைகளைக் கைகோத்து நிற்கவைத்து மரத்தின் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்து அரியலூர் பக்கம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகம். அந்த நாடு ஒரு காலத்தில் கடல். சுருண்ட ஆட்டுக்கொம்பு போன்ற அம்மோனைட்டுகள், சிப்பிகள், எல்லாம் கடல் உயிர்கள். அங்கே கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லில்தான் சிமெண்ட் செய்கிறார்கள். "அப்ப எங்க வீட்டுச் சுவத்துலயும் சிப்பி இருக்குங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். அரைத்து, சுட்டு, பொடியாக்கியதில் உருவம் இருக்காது கண்ணு, ஆனால் அந்தச் சுண்ணாம்பில் பழைய கடல் உயிர்களின் ஓடும் சேர்ந்திருக்கும் என்றேன்.

கூட்டிப்போகும் வழியில் பஸ்ஸிலேயே இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு அறிஞர்கள் 1987-ல் ஒரு டைனோசருக்கு புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புப் பல்லி என்று பொருள். ஒரு கால் எலும்பே 2 மீட்டர் என்று பதிவு. ஆனால் எலும்பு மிகவும் நொறுங்கும் நிலையில் இருந்ததால் பொடிந்து போய்விட்டது. மிஞ்சியது வரைபடமும் எழுத்தும்தான். அது எலும்பே இல்லை, கல்லான மரம் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். தோண்டியபோது எடுத்த பழைய புகைப்படங்கள் 2022-ல் வெளியான பிறகுதான் அது எலும்புதான் என்பதற்குப் பலம் கூடியது. இதைக் கேட்ட பிறகு பிள்ளைகள் நோட்டில் எழுதுவதும் வரைவதும் மாறிப்போனது. படம் எடுத்து, அளந்து, தேதி போட்டு வைப்பது எதற்கென்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்னும் இரண்டு கதை. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று ஊரே பகிர்ந்தது, அவை அம்மோனைட் படிவங்கள் என்றார்கள் அறிஞர்கள். மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்திலோ, விவசாயிகள் தலைமுறையாகச் சாமியாகக் கும்பிட்ட உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டை என்று 2023-ல் தெரிந்தது. முட்டை என்றது முட்டை இல்லை, கல் என்றது முட்டை. எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று பிள்ளைகளே வாதாடட்டும், ஒரு மணி நேரப் பயணம் போவதே தெரியாது.

கல்லோ படிவமோ எதையும் எடுத்துவரக் கூடாது என்று கிளம்பும் முன்பே கண்டிப்பாகச் சொல்லுங்கள். முழு டைனோசர் எலும்புக்கூட்டை நேரில் காண ஆசை உள்ள குடும்பங்களுக்கு ஐதராபாத் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தைச் சொல்கிறேன். தெலங்கானாவில் கிடைத்த கோட்டாசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு அங்கே நிற்கிறது.

திரும்பி வந்த பிறகு

அடுத்த வாரமே வகுப்பில் ஒரு மேசையை ஒதுக்குங்கள், தள்ளிப்போட்டால் சூடு ஆறிவிடும். கோழி எலும்பு, அச்சு, வரைந்த படம், வீட்டிலிருந்து கொண்டுவரும் கல், சங்கு எதுவானாலும் வைக்கலாம். ஒரே நிபந்தனை, சீட்டு இல்லாத பொருளுக்கு மேசையில் இடமில்லை. எங்கே கிடைத்தது, என்றைக்கு, யார் எடுத்தது, இது என்னவென்று நினைக்கிறோம், ஏன் அப்படி நினைக்கிறோம், இவ்வளவும் சீட்டில் இருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை பெற்றோரை அழைத்துப் பிள்ளைகளையே விளக்கவையுங்கள். அப்பாருமார்தான், அதாவது தாத்தாக்கள்தான், அதிகம் கேள்வி கேட்பார்கள்.

முதலில் கேள்வி கேட்டானே, அந்தக் கிணற்றுப் பையன் அடுத்த வருடமே உள்ளங்கை அளவு கருங்கல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். அப்போது அவன் எட்டாம் வகுப்பு. சீட்டில் இப்படி எழுதியிருந்தான்: "எங்க தோட்டத்துக் கிணறு. அறுபது அடி ஆழம். ஆவணி மாசம் அப்பா வெட்டினப்ப எடுத்தது. வயசு 250 கோடி ஆண்டு இருக்கலாம். இதுல டைனோசர் கிடையாது. டைனோசர் பொறக்கறப்பவே இது பழைய கல்லு."